இரண்டு மணிக்கு என் முறை

பெர்த்துக்கும் பினாங்குக்கும் கடிகாரத்தில் ஒரு நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. லண்டனுக்குப் போனவர்களும் டொராண்டோவுக்குப் போனவர்களும் கொடுத்து வைத்தவர்கள். ஊர் நினைப்பு வந்தால், இந்நேரம் அங்கே எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று மனசைத் தட்டிவிடலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. இங்கே ஏழரை என்றால் பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங்கிலும் ஏழரை. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலிக்கும். சாலை முனையில் சார் குவே தியாவ் சட்டியில் கரண்டி மோதும். யாரோ ஒரு வீட்டில் விளக்கேற்றி, சாம்பிராணித் தட்டை வாசல்வரை கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே போவார்கள். அதே வேளையில் நான் இங்கே காரைப் பூட்டி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, யாரும் கூப்பிடாத ஒரு வீட்டுக்குள் நுழைகிறேன்.

நான் ஏங்குவது நல்ல காலத்துக்காக என்றால் சொல்லிக்கொள்ளலாம். அப்பா பக்கவாதத்தில் விழுந்து கிடந்த காலத்துக்காக ஏங்குகிறேன். அண்ணனிடம் சொன்னால் போனை வைத்துவிடுவான். ஆனால் நோயாளி கிடந்த வீட்டில் கூட இருந்து எழுப்பி உட்கார வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்த நாட்களில் பயம் இருந்தது, கடன் இருந்தது, தூக்கம் இல்லை. ஆனாலும் வீடு என்ற ஒன்று முழுதாக இருந்தது அப்போதுதான்.

முதலில் போனது குரல்.

அப்பா ஃபெர்ரியில் வேலை பார்த்தவர். ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் வரிசை பிடித்து ஏற்றி இறக்குகிற வேலை. இஞ்சின் இரைச்சலை மீறிக் கத்தியே பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. சாப்பாட்டில் உப்புக் கேட்டால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, உங்கள் வீட்டில் இன்றைக்குக் குழம்பு சரியில்லை போலிருக்கிறதே என்று சிரிப்பார். 2007ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு, ஒருநாள் விடியற்காலையில் அந்தக் குரல் எழவில்லை. அப்பா எழுந்திருந்தார். கண் திறந்திருந்தது. வலக்கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாய் அசைந்தது.

ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். மூளையின் இடப்பக்கம் ரத்தக்கட்டு. பேச்சும் அங்கேதான், உடம்பின் வலப்பக்கத்தை ஆட்டிவைப்பதும் அங்கேதான். கட்டியைக் கரைக்கிற மருந்து, அடைத்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலிக்கும். இவருக்குத் தூக்கத்தில் வந்திருக்கிறது, எப்போது என்று யாருக்குத் தெரியும்? பாதி சொன்னதுமே அம்மா சேலை முந்தானையில் முடிந்திருந்த ஒரு வெள்ளியை எடுத்து, மஞ்சள் துணி கேட்டார். ஆஸ்பத்திரி வார்டில் மஞ்சள் துணிக்கு எங்கே போவது? ஒரு தாதி தன் கைக்குட்டையைத் தந்தாள். முருகனுக்கு முடிந்து வைத்தாயிற்று.

மூக்கில் குழாயோடு அப்பா வீட்டுக்கு வந்தார். பெரிய சிகிச்சை என்று வீட்டில் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீன மருந்துக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் அண்ணன் முறை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினான். பத்து மணிக்கு அம்மா. பன்னிரண்டுக்கு அண்ணன். இரண்டுக்கு நான். நான்குக்குச் சித்தப்பா, அவர் எப்படியும் பசார் லாரிக்காக அந்நேரம் எழுகிறவர்.

அந்த இரண்டு மணி. நான் இழந்தவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால் முதலில் அதைத்தான் வைப்பேன். இடுப்புக்குக் கீழே விரிப்பைப் பிடித்து இழுத்து, தோளை அணைத்துத் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை சொருகி, முதுகில் பவுடர் தட்டி, குதிகால் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் முடிந்தபின்பும் போய்ப் படுக்கமாட்டேன். அப்பா விழித்திருப்பார். கூரை விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நொடிக்கும். கடலைத் தூர்த்துப் போட்ட கரையோரச் சாலையில், பாலத்தை நோக்கி லாரிகள் போகிற சத்தம் தூரத்தில் கேட்கும். நான் பேசிக்கொண்டிருப்பேன். வேலையிடத்துச் சண்டை, வராத சம்பள உயர்வு, எனக்குப் பிடித்திருந்த, வீட்டில் சொல்லாத ஒருவர். எல்லாம். அப்பாவுக்குப் பேச்சு இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் மகள்கள் இதையெல்லாம் அப்பாவிடம் சொல்வது கிடையாது. அவர் பேச்சுப் போன பிறகுதான் நான் அவரோடு பேச ஆரம்பித்தேன். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். அது சம்மதமா, போதும் நிறுத்து என்பதா, இன்றுவரை தெரியாது.

இப்போது என் மெத்தை நல்ல மெத்தை. எட்டு மணி நேரம் தூங்கினாயா என்று கைக்கடிகாரமே காலையில் கேட்கிறது. இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வருவதை அதுவும் குறித்துவைக்கிறது. திருப்பிப் படுக்க வைக்க யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் நம்பிக்கை என்பது அம்மாவின் கணக்கில் மட்டும் இருந்தது. செவ்வாய் விரதம், கிருத்திகை, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மாதம் ஒருமுறை. அப்பா வாசலோடு நின்றுகொள்வார். எப்போதும் அப்படி இல்லையாம். 1988 ஜூலை 31ஆம் தேதி வரை அவரும் திருநீறு பூசாமல் வேலைக்குப் போனதில்லையாம். அன்று பட்டர்வொர்த் ஃபெர்ரி நிலையத்தில் திருவிழாக் கூட்டம். புக்கிட் மெர்த்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவும் குவான் யின் விழாவும் சேர்ந்துகொண்டன. நிற்கிற கூட்டத்தோடு மேல்தளம் இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அப்பா அங்கிருந்து வீட்டுக்கு வந்தபோது சட்டையில் இருந்தது அவருடைய ரத்தம் இல்லை. “சாமி கும்பிட வந்தவங்கதானே” என்று ஒரு வாக்கியம் சொன்னாராம், அவ்வளவுதான். சாமியோடு அவர் சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் படுத்திருந்த அறையின் அலமாரிதான் ஊரில் இல்லாத சாமிகளுக்கெல்லாம் இடமானது. சீன ஆன்ட்டி விரால் மீன் சூப்போடு குவான் யின் கோயிலிலிருந்து மஞ்சள் தாள் ஒன்றும் கொண்டுவந்தார். எதிர்வீட்டுக் கத்தோலிக்க அக்கா செயின்ட் ஆன் ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து கொடுத்தார். நாசி கண்டார் கடை பாய், சூலியா தெரு நாகூர் தர்காவில் ஓதிய கயிற்றை அப்பாவின் இடக்கையில் அவரே கட்டிவிட்டுப் போனார். பினாங்கின் இந்தப் பெருமையைச் சுற்றுலாச் சுவரொட்டிகளில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது; ஆனாலும் அந்த அலமாரி இருந்தது, நான் தினமும் அதைத் தூசு துடைத்தேன். தண்ணீர் பாட்டிலைக் காட்டி, அது எங்கிருந்து வந்தது என்று அம்மா சொன்னபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடிக்கக் கொடுக்கவும் முடியாது. நீர்த்ததாக எது கொடுத்தாலும் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள். அம்மா விரலை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினார். திரும்பிய முகத்தோடே அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

சாயங்காலம் எண்ணெய் தேய்க்கிற நேரம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும். தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தைச் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கேசட் எங்கள் வீட்டில் தேய்ந்துபோய் இருந்தது. அம்மா அதைப் போட்டுவிட்டு நல்லெண்ணெயோடு உட்காருவார். கவசம் தெரிந்தவர்களுக்கு அதன் நடுப்பகுதி நினைவிருக்கும்: முகத்தில் தொடங்கி நெற்றி, கண், செவி, நாசி, வாய், பல், நாக்கு என்று இறங்கி, மார்பு, தோள், முதுகு, தொடை, கால் விரல்வரை ஒவ்வோர் உறுப்பையும் வேலின் காவலில் ஒப்படைக்கிற இடம். பாட்டு எந்த உறுப்பைச் சொல்கிறதோ அம்மாவின் கை அங்கே இருக்கும். அந்த வேகத்துக்குத் தேய்க்க முடியாது. ஆனாலும் பிந்தியதில்லை. நாக்கைச் சொல்கிற இடத்தில் மட்டும் தாடையைத் தொட்டுவிட்டுக் கடப்பார்.

ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. கேசட் நடுவிலேயே இழுத்துக்கொண்டு நின்றது. அம்மா விடவில்லை, தானே பாடினார். அடுத்த அடிக்கு மூச்சு வாங்கிய இடைவெளியில் அந்த அடி வந்தது. அம்மாவின் குரல் இல்லை. கரகரத்து, குழறி, ஆனால் ராகம் பிசகாமல், சொல் பிசகாமல். நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். அம்மா என்னைக் கையமர்த்தினார். கையில் எண்ணெயோடு அடுத்த அடியைப் பாடினார். அதற்கடுத்தது அப்பா. ஒருவர் விட்டு ஒருவர், முடியும்வரை.

பாட்டு முடிந்ததும் “தண்ணி வேணுமா?” என்று கேட்டேன். தண்ணி என்ற சொல் அவருக்கு வரவில்லை. தவித்தார்.

இது அதிசயம் இல்லை என்று அடுத்த முறை பேச்சுப் பயிற்சிக்குப் போனபோது தெரிந்தது. பேச்சிழந்தவர்களில் பலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும். சிறுவயதில் மனப்பாடமானவையும் எண்களும் கிழமைகளும் தாமாக வரும். பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் தோள்கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். அமெரிக்காவின் பாஸ்டனில் 1973ஆம் ஆண்டிலேயே இதை ஒரு சிகிச்சை முறையாக்கி எழுதிவைத்திருக்கிறார்கள்: வேண்டிய சொல்லை ராகமாக இழுத்து, இடக்கையால் தாளம் தட்டி, சிறுகச்சிறுக ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. அம்மாவிடம் இதை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அதைத்தானே நானும் சொல்றேன்” என்றார். அதற்குமேல் வாதாட எனக்கு அன்றும் தோன்றவில்லை. அறிவியல் ஒரு வழி சொன்னது, அம்மா ஒரு வழி சொன்னார். இரண்டுக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணெயோடு உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. கிழமைகளுக்கு முன்னால் ஃபெர்ரிகள் வந்தன. அப்போது ஒவ்வொரு ஃபெர்ரிக்கும் ஒரு தீவின் பெயர் இருந்தது. புலாவ் ரிமாவ், புலாவ் அங்சா, புலாவ் உண்டான் என்று அப்பா வரிசை பிடித்து விட்டார். என் பெயர் அதற்கெல்லாம் பின்னால்தான் வந்தது. கோபித்துக்கொண்டேன். சிரித்தார், வாயின் ஒரு பக்கம் மட்டும்.

காலையில் மின்னல் எப்.எம். பக்திப்பாடல் முடிந்ததும் நான் தமிழ் நேசனைச் சத்தமாக வாசிக்கவேண்டும், பயிற்சிக்காக. கடைசிச் சொல்லை விட்டு நிறுத்துவேன், அவர் நிரப்பவேண்டும். அது ஊரே கொதித்துக்கிடந்த நேரம். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் மலேசிய இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் பேரணி நடந்து முடிந்திருந்தது. தினமும் கைது, வழக்கு, அறிக்கை. கர்ப்பால் சிங் என்று வந்தால் மட்டும் அவர் நான் நிறுத்துவதற்கு முன்பே முந்திக்கொள்வார். 1978 முதல் 1999 வரை எங்கள் ஜெலுத்தோங்குக்கு அவர்தான் நாடாளுமன்ற உறுப்பினர். ஜெலுத்தோங் புலி என்றால் நாடு முழுக்கத் தெரியும். 2005 ஜனவரியில் அவர் போன டாக்சியைப் பின்னாலிருந்து ஒரு கார் மோதி, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவர். பிள்ளைகளில் பலரும் வக்கீல்கள். ஒரு குடும்பமே கூடநின்று அந்த மனிதரை மறுபடி நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொண்டுவந்து நிறுத்தியது. உட்கார்த்தியது என்று சொல்லவேண்டும். குரல் மட்டும் எழுந்து நின்றது.

அப்பாவுக்குச் சக்கர நாற்காலி என்றாலே ஆகாது. வீட்டுக்குள் சரி, தெருவுக்கு வேண்டாம் என்று கையாட்டுவார். பத்திரிகையில் வந்த கர்ப்பாலின் படம் ஒன்றை அண்ணன் கத்தரித்து, முறை எழுதிய காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பார்க்க டத்தோ கிராமாட் சாலைக்குப் போகலாமா என்று கேட்டபோது, நாற்காலியை இடக்கையால் தட்டிக் காட்டினார்.

2008 ஜனவரி தைப்பூசம். பினாங்கு இரதத்துக்கு முன்னால் உடைகிற தேங்காயைப் பார்த்திராதவர்களுக்கு என்ன சொல்லிப் புரியவைக்க? சாலையே வெள்ளையாகிவிடும். தமிழர் குவிக்கிற தேங்காய்க்குச் சீனர் குவிக்கிறது குறைந்ததாக இருக்காது. கூட்டித் தள்ளத் தள்ளப் புதிதாக வந்து விழும். இரதம் நெருங்கும்போது அம்மா அப்பாவின் இடக்கையில் ஒரு காயைக் கொடுத்தார். இருபது வருடமாகச் சாமியோடு பேசாதவர், அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு வீசினார். பழகாத கை, காய் உடையவில்லை, உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது. பக்கத்தில் நின்ற சீனப் பையன் ஓடிப்போய் எடுத்து, ஓங்கி அடித்து உடைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினான். மறுநாள் அண்ணன் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தான். அப்போது பழைய கோயில்தான். 513 படிகளோடு மேலே இருக்கிற புதுக்கோயில் 2012இல் வந்தது. மார்ச் 8ஆம் தேதி தேர்தலுக்கும் அப்பா அதே நாற்காலியில் போய், இடக்கையால் கோடு போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று கேட்டோம். அதைச் சொல்லமட்டும் பேச்சு வரவில்லையாம்.

நடந்தார். நான்கு கால் ஊன்றுகோலோடு, வலக்காலை வட்டமாக இழுத்து. ஒருநாள் ஐஸ்பெட்டியிலிருந்து முறைத்தாளை அம்மா கிழித்தார், இனி எல்லாரும் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று. எல்லாரும் தூங்கினோம். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. எனக்கு இங்கே வேலை கிடைத்தது. சித்தப்பா ஈப்போவுக்குப் போய்விட்டார். குணமாவது என்றால் அவரவர் வழியைப் பார்த்துப் போக அனுமதி கிடைப்பது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத்தான் போயின. 2014 ஏப்ரல் 17ஆம் தேதி விடிவதற்கு முன், கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வருகிற வழியில், குவா தெம்புரோங் அருகே நடந்த விபத்தில் கர்ப்பால் இறந்தார். போனில் அப்பா அதிகம் பேசவில்லை. “வீட்டுக்கு வந்துகிட்டுத்தான் இருந்திருக்காரு” என்றார். நீண்ட வாக்கியம், அவருக்கு அது எத்தனை உழைப்பு என்று எனக்குத் தெரியும். அப்பாவும் போன பிறகு, வீட்டுக்காரர் வீட்டை விற்றார். எங்கள் வரிசை மொத்தமும் இடிந்து, அங்கே இப்போது அடுக்குமாடி நிற்கிறது. 1924இலிருந்து வந்துகொண்டிருந்த தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றது. கார் ஏற்றுகிற பழைய ஃபெர்ரிகளை 2020 முடிவோடு நிறுத்தினார்கள். அந்தத் தீவுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் ஒரு குரலை நான் எங்கும் பதிந்துவைக்கவில்லை. அப்போது யாருக்குத் தோன்றும்? தினமும் கேட்கிற குரல்.

இங்கேயும் கோயில் இருக்கிறது. கார் நிறுத்த நல்ல இடம் இருக்கிறது. கவசம் என் போனிலேயே இருக்கிறது. அதே சகோதரிகள், இழுவையும் இரைச்சலும் நீக்கிய சுத்தமான ஒலி. மூன்றாம் அடியிலேயே நிறுத்திவிடுகிறேன். அம்மா அண்ணனோடு புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேசுகிறோம். சாப்பிட்டாயா, குளிரா, எப்போது வருவாய். போன வாரம் நான்தான் கேட்டேன், அந்த முறைத்தாளைக் கிழித்து என்ன செய்தீர்கள் என்று. சாமி அலமாரியில் மடித்து வைத்திருக்கிறாராம். அதைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டச் சொன்னேன். அண்ணனின் கோணல் எழுத்து. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்திருக்கும். உங்கள் முறை எத்தனை மணிக்கு?